பாடசாலைக் கூட்டத்தில் நமது இடம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமாருக்கான கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றி நாம் பேசாத கூட்டம் கிடையாது. இன்று நம் பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் தொழிற்சங்க விடயம்தான். நம் பிள்ளை நாளைக்குக் கொழுந்து மலைக்குப் போவதா, வேறு தொழிலுக்குப் போவதா என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது.

நமது பாடசாலைகளை யார் ஆண்டார்கள் என்று முதலில் பார்ப்போம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்தில் உள்ள ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் கடமையைத் தோட்டத் துரையின் கையில் ஒப்படைத்தது. தந்தைக்கு வேலை கொடுப்பவரே பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு என்பதையும் முடிவு செய்தார். லயக் காம்பராவிலோ ஒரு கொட்டகையிலோ ஓர் ஆசிரியர்; அதுதான் பாடசாலை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. 1948இல் நமது பிரஜாவுரிமையும் பறிபோனது. வாக்கு இல்லாத மக்களின் பாடசாலையை எந்த அரசாங்கம் தேடி வரும்? 1970களில் தொடங்கித்தான் அரசாங்கம் இவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன் பிறகு சுவீடன், ஜெர்மன் நாடுகளின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. நம் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் வந்தார்கள்.

துரையின் ஆட்சி போனது. ஏற்றத்தாழ்வு போகவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் மாகாண சபைகள் வந்தபோது பாடசாலைகள் இரண்டாகப் பிரிந்தன. தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஏனையவை மாகாணத்தின் கீழ் இருக்கின்றன. நாட்டிலுள்ள ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் சுமார் 400தான். நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிப்பது மாகாணப் பாடசாலைகளில். அதற்குள்ளும் தரம் பிரித்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. சாதாரண தரத்தோடு நிற்பது இரண்டாம் வகை. சின்ன வகுப்புகளோடு முடிவது மூன்றாம் வகை. தோட்டத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் கடைசி இரண்டு வகைகள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு விஞ்ஞானம் படிக்க ஆசை வந்தால் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போக வேண்டும். பஸ் காசுக்கும் தங்குமிடத்துக்கும் வழியில்லாத பிள்ளை, பக்கத்தில் இருக்கும் பாடத்தையே எடுக்கிறது. அதைப் பிள்ளையின் விருப்பம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இப்போது நிர்வாகச் சீர்திருத்தத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியது. எல்லாவற்றையும் மேலிடம் முடிவு செய்யாமல், அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் கூடித் தங்கள் பாடசாலைக்குத் திட்டம் போடலாம், பணம் திரட்டலாம், செலவு செய்யலாம் என்பதே அதன் சாரம். கேட்க நல்ல காரியம். நாமும் அதை எதிர்க்கவில்லை.

ஆனால் ஒரே சுற்றுநிருபம் இரண்டு இடத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நகரத்துப் பெரிய பாடசாலையின் குழுவில் வைத்தியர் இருப்பார், பொறியியலாளர் இருப்பார், கணக்காளர் இருப்பார். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் காசு அனுப்புவார்கள். ஒரே கூட்டத்தில் கணினி அறைக்கு வழி பிறந்துவிடும். தோட்டப் பாடசாலையிலும் அதே கூட்டம், அதே படிவம். கூடியிருப்பவர்கள் நாட்சம்பளக்காரர்கள். அதிகாரம் இருவருக்கும் சமமாகக் கொடுக்கப்பட்டது, வசதி கொடுக்கப்படவில்லை. "உங்கள் பாடசாலையை நீங்களே முன்னேற்றுங்கள்" என்று இல்லாதவனிடம் சொன்னால், அது அதிகாரம் அல்ல, சுமை. தேவை கூடிய பாடசாலைக்கு நிதியும் ஆசிரியரும் கூடுதலாக வர வேண்டும். முக்கியமாகக் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் வர வேண்டும். இதுவே நமது முதல் கோரிக்கை.

கூட்டம் வைக்கும் நேரத்தையும் கவனியுங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் கொழுந்தெடுக்கும் தாய் எப்படி வருவாள்? வந்தால் அன்றைய பேர் போய்விடும். வராவிட்டால் "தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று பேச்சு வரும். பிரட்டுக்களத்தில் பேர் போட்டுவிட்டு மலைக்குப் போனவளுக்கு அக்கறை இல்லையா? அக்கறை இருக்கிறது, நேரம்தான் இல்லை.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

ஒன்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலோ பின்னேர நிறுவை முடிந்த பிறகோ வைக்கும்படி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை நாளில்தான் கூட்டம் என்றால், போகும் பெற்றோருக்குப் பேர் போடும்படி நிர்வாகத்திடம் கேட்போம். சங்கத்தின் பேச்சுவார்த்தையிலும் இதைச் சேர்ப்போம்.

இரண்டு, நிர்வாகக் குழுவில் தாய்மாரும் இருக்க வேண்டும். பிள்ளையின் கொப்பியைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

மூன்று, கூட்ட அறிக்கையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வரவு செலவைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இது அதிபரைச் சந்தேகிப்பது அல்ல. கணக்கு வெளிச்சமாக இருந்தால் நல்ல அதிபருக்கும் அது பாதுகாப்பு.

நான்கு, ஆசிரியர் வெற்றிடம் எத்தனை, எவ்வளவு காலமாக என்று வலயக் கல்விப் பணிமனையிடம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியது. தமிழிலேயே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

மாணவர் குறைந்த பாடசாலைகளை இணைப்பது பற்றிய பேச்சும் அடிக்கடி எழுகிறது. சில இடங்களில் இணைப்பு நன்மையாகவும் இருக்கலாம். ஆனால் வரைபடத்தில் இரண்டு கிலோமீற்றர் என்பது, மழைநாளில் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு மலையும் ஓர் ஆறும். பாதை உண்டா, வாகனம் உண்டா, போகிற பாடசாலையில் தமிழ் மொழி ஆசிரியர் உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகே இணைப்பைப் பேச வேண்டும். அதுவும் பெற்றோர் கூட்டத்தில் வைத்தே பேச வேண்டும். கூட்டத்தில் நாம் இல்லாவிட்டால், நமது பாடசாலையின் முடிவு நமக்குக் கடிதமாகத்தான் வந்து சேரும்.

தோழர்களே, வாக்குரிமையைப் போராடித் திரும்பப் பெற்ற மக்கள் நாம். வருகிற மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தமது பாடசாலையின் அடுத்த கூட்டத் திகதியையும் ஆசிரியர் வெற்றிட விபரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.