திடலும் சிற்றறையும்



பத்தாண்டு நிறைவை ஒட்டி, மாதக் கூட்டத்தை விடுத்து ஆண்டுதோறும் திறந்தவெளிப் பெருவிழா எடுக்கலாம் என்று அன்பர் சிலர் கருதுகின்றனர். ஜாஸ் இசை வரலாற்றில் இதற்குப் பொருந்தும் சான்றுகள் இரண்டு உள.

1956 சூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் திறந்தவெளி இசைவிழா. டியூக் எலிங்டன் குழுவின் புகழ் மங்கியிருந்த காலம். பால் கொன்சால்வெஸ் ஒரே இசைச் சுற்றைச் சாக்சபோனில் 27 முறை விரித்து வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடிற்று. அதன் ஆரவாரம் அவரை மேலும் உந்திற்று. எலிங்டனின் புகழ் மீண்டது. அது திடலின் கொடை.

1961 சூன் 25. நியூயார்க்கில் ‘வில்லேஜ் வான்கார்டு’ என்னும் நிலவறை அரங்கு. சுமார் 120 பேரே அமரலாம். பில் எவன்ஸின் பியானோவும் ஸ்காட் லஃபாரோவின் பாஸும் பால் மோட்டியனின் டிரம்ஸும் தணிந்த குரலில் உரையாடின. ஒருவர் விட்ட மௌனத்தில் மற்றவர் பேசினார். பதினோராம் நாள், 25 வயது லஃபாரோ கார் விபத்தில் மறைந்தார். அன்றைய ஒலிப்பதிவில் கோப்பைகள் மோதும் ஓசையும் பேச்சொலியும் கேட்கின்றன. அங்கும் எல்லோரும் செவிசாய்த்தார் அல்லர். எனினும் அத்தகைய நுண்மை திடலில் பிறந்திராது.

நம் கவியரங்கிலும் அடியை மடக்கிச் சொல்லக் கைதட்டல் எழும், கவிதை வளரும். அதனை இகழேன். ஆனால், ஒரு சொல்லுக்குப்பின் நின்று காத்திருக்கும் கவிதையும் உண்டு. அதற்குச் சிற்றறை வேண்டும். விழா எடுப்போம், மாதக் கூட்டத்தை விடாதிருப்போம்.