போர் ஒரு நாட்டை வல்லரசு ஆக்குமா? நம் சாலை சொல்லும் பதில்

(நம் சங்கத்தின் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரை. விழாவுக்கு வர இயலாதவர்களும் படிப்பதற்காக எழுதித் தரப்பட்டது.)



வழக்கமாக இந்த நாளில் கொடியேற்றுவோம், மிட்டாய் கொடுப்போம், தெருவிளக்கு பற்றிப் பேசிவிட்டுக் கலைவோம். இந்த முறை போரைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார் செயலாளர். காரணம் நம் வாட்ஸ்அப் குழுதான். எல்லையில் பதற்றமாக இருந்த நாட்களில் நம் நகர்த் தம்பி ஒருவர் அதில் இப்படி எழுதினார்: "ஒரு பெரிய போர் நடந்து ஜெயித்துவிட்டால் போதும், அமெரிக்கா மாதிரி நாமும் வல்லரசுதான்." பலரும் கைதட்டினார்கள். ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நம் அண்ணன் ஒருவர் மட்டும் பதில் எதுவும் எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினார்.

மறுநாள் பால் வாங்கும் இடத்தில் அவரைப் பார்த்துக் கேட்டேன். "சார், ஜெயிக்கிறது அப்புறம். முதல்ல சாப்பாடு வரணும், சம்பளம் வீட்டுக்குப் போகணும். அதைப் பத்தி யாராவது பேசினாங்களா?" என்றார். நான் பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன். நான் பல வகுப்புகளில் சொல்ல முயன்றதை அவர் பால் பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க லண்டனுக்குப் போக வேண்டாம், நம் ஊர் வழியாகப் போகும் சாலையே போதும்.

நம் சாலை கிழக்கே ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போகிறது. மேற்கே கிருஷ்ணகிரி, அதைத் தாண்டினால் ஓசூர். ஒரு வியாபாரக் கம்பெனியை வைத்திருந்த இங்கிலாந்து உலக வல்லரசாக மாறிய கதையின் பெரும் பகுதி இந்தச் சாலையிலும் அதன் பக்கத்திலும் நடந்தது.

முதலில் புதுச்சேரி முனை. 1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்சும் ஏழாண்டுப் போர் நடத்தின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடலிலும் நடந்த அந்தப் போர் நம் பக்கத்திலும் நடந்தது. செஞ்சிக் கோட்டை அப்போது பிரெஞ்சுக்காரர் வசம். அவர்களின் தளபதி லாலி 1758-ல் தஞ்சாவூர் மேல் படையெடுத்தார். தஞ்சாவூரைப் பிடிக்க வேண்டும் என்பதைவிட, அங்கே பணம் கிடைக்கும் என்பதே அவர் நினைப்பு. கிடைக்கவில்லை. சென்னையை முற்றுகையிட்டார், அதையும் விட்டுவிட்டுத் திரும்பினார். 1759 அக்டோபரில் சம்பளம் வராத பிரெஞ்சுச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில், 1760 ஜனவரி 22 அன்று, வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் லாலி தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது.

லாலி வீரம் இல்லாதவர் அல்ல. அவரிடம் பணம் இல்லை, கடலில் உதவிக்குக் கப்பற்படை இல்லை. எதிரியிடம் இரண்டும் இருந்தன. 1757 பிளாசிக்குப் பிறகு வங்காளத்தின் செல்வம் கம்பெனியின் கைக்கு வரத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்து அரசு குறைந்த வட்டிக்குத் தன் மக்களிடமே கடன் வாங்கியது. வட்டி தவறாமல் வரும் என்ற நம்பிக்கையில் மக்களும் கொடுத்தார்கள். அந்தப் போரில் இங்கிலாந்தின் தேசியக் கடன் சுமார் 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடி பவுண்டாக ஏறியது. அவ்வளவு கடன் வாங்கியும் தள்ளாடாமல் நிற்க முடிந்ததுதான் அதன் பலம். தோற்ற லாலியைப் பிரான்சு 1766-ல் தூக்குமேடை ஏற்றித் தலையை வெட்டியது. கடனை மட்டும் அதனால் வெட்ட முடியவில்லை. அது வளர்ந்துகொண்டே போய் 1789 புரட்சிக்கு ஒரு காரணமாயிற்று.

இனி நமக்குப் பக்கத்தில் உள்ள செங்கம். 1767 செப்டம்பர் 3 அன்று அங்கே ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித், ஹைதர் அலி மற்றும் நிஜாம் படைகளை எதிர்த்து வென்றார். ஆனால் ஹைதரின் குதிரைப் படை அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய்விட்டது. வென்ற படை பசியோடு திருவண்ணாமலைக்கு நடந்தது. அங்கே இருக்கும் என்று சொல்லப்பட்ட தானியமும் இல்லை. அந்தப் போர் 1769-ல் எப்படி முடிந்தது தெரியுமா? ஹைதர் சென்னையின் வாசலுக்கே வந்து நின்று, கம்பெனியைச் சமாதானத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். செங்கத்தில் கிடைத்த வெற்றி கம்பெனியைக் காப்பாற்றவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படை ஒன்றை அடியோடு அழித்தார்கள். மைசூரின் இரும்புக் குழல் ராக்கெட்டுகள் அப்போது ஆங்கிலேயரிடம் இல்லாத ஆயுதம். பிற்பாடு அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்து தன் ராக்கெட்டுகளைச் செய்தது. ஆயுதம் மட்டுமே வல்லரசு ஆக்கும் என்றால் அந்தப் பெருமை ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குப் போயிருக்க வேண்டும்.

இப்போது மேற்கு முனைக்கு வாருங்கள். 1791-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்துவிட்டு ஸ்ரீரங்கப்பட்டினம் வரை போனார். இவர்தான் 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்தவர். இங்கேயும் அவருக்கு முதலில் தோல்விதான். தீவனம் இல்லாமல் வண்டி மாடுகள் செத்தன. இழுக்க மாடு இல்லாததால் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

அதன் பிறகு அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். நேராக மறுபடி சண்டைக்குப் போகவில்லை. ஜூலை மாதம் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தார். நம் பாராமகால் வழியாக மேலே ஏறும் கணவாய்ப் பாதை திறந்தால் கீழ்நாட்டு அரிசியும் மாடும் பெங்களூருக்குப் போகும், அதற்காகத்தான். லம்பாடி வணிகர்கள் ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்தார்கள். மராத்தியரும் நிஜாமும் கூட்டாளிகளாக இருந்தார்கள். அந்த நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேல் ஆங்கிலேயர் நடத்திய தாக்குதல் தோற்றது. ஆனாலும் போரின் போக்கு மாறவில்லை. 1792 மார்ச்சில் திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். அப்படித்தான் நம் பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. ஓசூர்ப் பக்கம் 1799 வரை மைசூரிடமே இருந்தது.

சண்டை முடிந்த பிறகு நடந்தது அதைவிட முக்கியம். காரன்வாலிஸ் இங்கே அனுப்பியது அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை. உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. மன்றோ தருமபுரியில் சுமார் ஏழு ஆண்டுகள் இருந்தார். இவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள், உழுகிறவர் பெயரில் வரியை எழுதினார்கள். மன்றோ 1820-ல் சென்னை கவர்னர் ஆன பிறகு இந்த ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும் பகுதிக்கும் பரவியது.

நம் சங்கத்துக்கு வரும் மனுக்களில் பாதி பட்டா பற்றியவை. உட்பிரிவு ஆகவில்லை, பெயர் மாறவில்லை, அளவு தப்பு என்று. என் வீட்டுப் பட்டாவிலேயே ஓர் எண் தவறாகி, திருத்தி வாங்க இரண்டு வருடம் அலைந்தேன். அந்தத் தாளின் முன்னோர், நம் மண்ணில் நடந்த போருக்குப் பின் எழுதப்பட்ட கணக்கு. அது நமக்காக எழுதப்பட்டது அல்ல. அடுத்த படைக்குச் சம்பளம் கொடுக்க எழுதப்பட்டது. வரி அதிகம் என்று மன்றோவே 1807-ல் கடப்பை, பெல்லாரிப் பகுதிக்குக் கால் பங்கு குறைக்கச் சொன்னார். இங்கிலாந்து வல்லரசானதற்கு யார் பணம் கட்டினார்கள் என்று கேட்டால், பாராமகாலின் கம்பு, கேழ்வரகு விவசாயியும் கட்டினார் என்பதுதான் பதில்.

தம்பி கேட்ட அமெரிக்காவுக்கு வருகிறேன். இரண்டு உலகப் போர்களில் அமெரிக்காவின் தொழிற்சாலைகள் மேல் குண்டு விழவில்லை. போர் செய்த மற்ற நாடுகள் அதனிடம் பொருளும் கடனும் வாங்கின. 1945-ல் ஜெயித்த இங்கிலாந்தின் நிலை என்ன? நம் நாட்டுக்கே சுமார் 130 கோடி பவுண்டு பாக்கி வைத்திருந்தது. அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் கேட்டு வாங்கியது. அதன் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2006 டிசம்பரில். அந்தப் போரில் ஜெயித்த இரண்டு ஆண்டில் அது இந்தியாவை விட்டுப் போனது. வந்தவாசியில் இங்கிலாந்தைத் தூக்கி நிறுத்தியதும் கடன் வாங்கும் சக்திதான், பிற்பாடு கீழே இறக்கியதும் கடன்தான்.

ஆகவே என் பதில் இதுதான். போர் யாரையும் வல்லரசு ஆக்குவதில்லை. யாரிடம் ஏற்கெனவே களஞ்சியமும் கணக்கும் தொழிலும் நம்பிக்கையும் இருந்தன என்பதைப் போர் வெளியே காட்டுகிறது, இல்லாதவரை உடைக்கிறது. இருக்கிறவரும் விலை கொடுக்காமல் தப்புவதில்லை. நாடு பலமாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1940-ல் போர்க்காலத்தில் பெங்களூரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலைதான் இன்றைய எச்.ஏ.எல். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போக வேண்டும், நல்ல பொறியாளராக வேண்டும். ஆனால் அந்த வேலை, போர் வராமல் காப்பதற்கான வேலை என்ற நினைப்போடு போக வேண்டும்.

குழுவை விட்டுப் போன அண்ணன் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தம்பிதான் வீட்டுக்குப் போய் அவரை அழைத்துவந்தார். நான் பேசியதைவிட அது பெரிய விஷயம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஒருநாள் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம், மலைக்கோட்டை, ராயக்கோட்டைக் கோட்டை பார்க்க அழைத்துப் போகலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் அவரிடம் பெயர் கொடுங்கள். வெயிலுக்கு முன் மலையேற வேண்டும், தண்ணீரும் சாப்பாடும் மறக்காமல் கொண்டுவாருங்கள். படைக்கு மட்டுமல்ல, நமக்கும் அதுதான் முதல் தேவை.