வீடிழந்த பிள்ளையும் பாடசாலை இடாப்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இளைஞர் மேடையேறினால் மொழி, பண்பாடு என்று தொடங்குவது இச்சபையின் வழக்கம். நாம் இன்று ஒரு சிறிய விடயத்தையே எடுத்துக்கொண்டோம்: பாடசாலை இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயர் ஏறுதல். வீடுள்ளவருக்கு அது ஒரு காலைப்பொழுதின் வேலை. வீடிழந்தவருக்கோ அது மாதக்கணக்கான அலைச்சல்.

முதலாந் தரத்தில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் தாயிடம் கேட்கப்படுவன யாவை? பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, வாக்காளர் இடாப்பில் ஆண்டுக்கணக்கான பதிவு. அண்மையில் வசிப்போருக்கு இடங் கொடுப்பதற்காகவே சுற்றுநிருபங்கள் இவற்றைக் கேட்டன. நோக்கத்தைக் குறை கூறோம். (பொய் விலாசத்தோடு வருபவர் பத்திரங்களை ஒழுங்காகவே கொண்டுவருகிறார் என்பது வேறு கதை.) ஆனால் ஓரிடத்தில் நிலைத்திருக்க விடப்படாதவளிடம் அந்தப் பதிவு எவ்வாறு இருக்கும்?

எமது மண்ணில் இது கற்பனைக் கேள்வியன்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழுந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; பெரும்பாலோர் புத்தளஞ் சென்றனர். சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. பாடசாலைக் கட்டடங்களே அகதிகளின் வீடுகளாயின. பத்திரங்கள் யார் கையில் இருந்தன? எரிந்தன, நனைந்தன, அலுமாரிக்குள்ளேயே கிடந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். அந்நாளிற் பாடசாலைகளும் வீடிழந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990 இல் இடம்பெயர்ந்தது. அதன் வளவு மீண்டது 2016 இல். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அயலூர்களில் அது பாடசாலையாகவே நடந்தது. நிலத்தை விட்டு வந்த பாடசாலையைப் பாடசாலையென்று ஒப்புக்கொண்ட நாம், நிலத்தை விட்டு வந்த பிள்ளையை மாணவன் என்று ஒப்புக்கொள்ள மட்டும் உறுதியைக் கேட்பதா?

சட்டமோ பிள்ளையின் பக்கத்திலேயே நிற்கிறது. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1998 இல் ஐந்து முதல் பதினான்கு வயது வரை பாடசாலை செல்லுதல் கட்டாயமாயிற்று. 2016 இல் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோர் குற்றவாளியென்றால், வந்த பிள்ளையை வாசலில் நிறுத்துபவர் யார்? அமெரிக்காவில் 1987 இல் தோன்றிப் பின்னர் திருத்தப்பட்ட மக்கின்னி-வென்ரோ சட்டம், வீடற்ற பிள்ளையை உடனே சேர்த்துக்கொள்; பத்திரங்களைப் பின்பு தேடு என்கிறது. எமக்கு வேண்டியதும் இந்த வரிசை மாற்றமே.

முகாம்களில் நெடுங்காலம் எஞ்சியவர் யார் என்பதையும் இச்சபையில் மறைக்காமற் சொல்லவேண்டும். காணியும் உறவும் உள்ளவர் முன்னரே வெளியேறினர். மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் எஞ்சியோரிற் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டு, யுத்தத்துக்கு முன்பே காணியற்றிருந்தவர். அவர்களிடம் போர் பறித்த உறுதி ஒன்றுமில்லை, நாமே கொடுக்காதிருந்தோம். மிஷன் பாடசாலையிற் படித்த எங்களிற் சிலருக்குச் சமயத்தைக் கேளாமல் வாங்கு கிடைத்தது. சைவ மக்களாகிய நாம் விலாசத்தைக் கேட்டுப் பிள்ளையைத் திருப்பலாமா?

இன்றும் விடயம் முடியவில்லை. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து குடும்பங்கள் திரும்புகின்றன. அங்கே பிறந்த பிள்ளையின் கையில் இந்தியப் பிறப்புச் சான்றிதழ். குடியுரிமைப் பதிவு முடியும்வரை தாய் கச்சேரிக்கும் பாடசாலைக்கும் நடக்கிறாள். பிள்ளையின் வயதோ காத்திருப்பதில்லை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். முதலாந் தர விண்ணப்பங் கோரப்படும் மாதத்தில் எமது மண்டபத்தை ஞாயிறு தோறும் திறந்து வைப்போம். படிவம் நிரப்பவும், தாயோடு கிராம அலுவலரிடமும் அதிபரிடமும் கூடச் செல்லவும், மறுக்கப்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடவும் எங்களில் அறுவர் பெயர் கொடுத்துள்ளோம். இளைஞர் சொல்லை அதிபர்கள் எளிதிற் கேளார். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரேனும் எம்மோடு வரவேண்டும். முன்வரிசையில் மூவர் இருப்பதைக் காண்கிறோம்.