என் இடாப்பில் இருந்த பெயர்கள்



பதுளை நகரிலே பரிசுத்த மாற்கு ஆலயம் இருக்கிறது. 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக 1857இல் எழுப்பப்பட்டது. அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் தலைவனாக இருந்தபோது, பிள்ளைகளை ஒருநாள் அதைப் பார்க்க அழைத்துப் போனேன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, யானை சுட்டவருக்குக் கோயிலே கட்டியிருக்காங்க. ரோட்டு வெட்டிச் செத்த எங்க பாட்டன்மாரு பேரு எங்க இருக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். விதண்டாவாதம் பேசாதே என்று நான் அவனை அடக்கினேன்.

அந்த நாட்களில் என்னிடம் ஓர் இடாப்பு இருந்தது. கூட்டத்துக்கு நேரத்தோடு வந்தவருக்கு முழுக்கோடு. ஆரம்பப் பாட்டு முடிந்தபின் வந்தவருக்கு அரைக்கோடு. தோட்டத்துச் செக்ரோலில் அரைப்பேர் போடுவதைப் போலத்தான். பிள்ளைகள் எனக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பட்டம் வைத்திருந்தது பின்னாளில்தான் தெரிந்தது. அந்த அரைக்கோடுகளில் அநேகம் பெண்பிள்ளைகளுடையவை. அந்திக் கொழுந்து நிறுத்து முடியும்வரை அவர்களால் மலையைவிட்டு இறங்க முடியாது. நகரத்தில் வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை.

1973இலும் 74இலும் தோட்டங்களில் பஞ்சம். அரிசியும் மாவும் சுருங்கி, லயங்களிலே பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. அந்த வருடத்துக் கரோல் வசூலைத் தன் தோட்டத்துச் சில குடும்பங்களுக்குக் கொடுக்கலாமா என்று அதே பையன் கேட்டான். அது ஹார்மோனியம் திருத்த வைத்த பணம் என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அதன்பிறகு கூட்டத்துக்கும் வரவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு அவன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் 'பின்மாற்றம்' என்று எழுதினேன். ஆலயப் பழக்கமுள்ள நேயர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

மற்றவர்கள் என்னவானார்கள்? இருவர் போதகர்களானார்கள். ஒருவருடைய கடை 1983 ஆடிக் கலவரத்தில் எரிந்தது. அவர் கொழும்புக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கினார். முழுக்கோடுகளால் பக்கத்தை நிரப்பியவர், நான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டியவர், வளைகுடாவுக்கு ஆளனுப்பும் முகவராகி ஏழைப் பெண்களிடமே தரகு பிடுங்கினார். அரைக்கோட்டுப் பெண்ணொருத்தி குவைத்தில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்து மூன்று தம்பிமாரைப் படிக்கவைத்தாள். அவர்களில் ஒருவர் ஆசிரியராகி இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார்.

இடாப்பை வெறுமையாக்கியது பின்மாற்றமல்ல, ஒப்பந்தம். 1964இல் இரண்டு அரசுகளும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாக்கின. குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகள் ஒப்பாரிக் கோச்சியில் ஏறித் தலைமன்னார் போனார்கள். நான் ஸ்டேசனில் நின்று ஜெபம் பண்ணி வழியனுப்புவேன். வீட்டுக்கு வந்து 'இந்தியா' என்று எழுதுவேன். பெயர் வெட்டப்பட்டவன் எந்தக் கோச்சியில் போனான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

2011இல் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக நீலகிரிக் கூடலூருக்குப் போயிருந்தேன். தாயகம் திரும்பியோர் என்று அங்கே பெயரிடப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கு உண்டு. கல்யாண வீட்டில் நரைத்த மனிதர் ஒருவர் வந்து, "கணக்கப்பிள்ளை அண்ணேதானே?" என்றார். அவன்தான். இங்கே போலவே அங்கேயும் லயம், கொழுந்து. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் அலைகிற நம்மவர்களின் பிள்ளைகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறானாம். காசு வாங்குவதில்லை என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். கோயிலுக்குப் போவதுண்டா என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

தேநீர் குடித்துக்கொண்டே அவன் கேட்டான்: "அந்த ஹார்மோனியம் இப்ப நல்லாச் சத்தம் போடுதாண்ணே?"

குத்திக் காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஊரை விசாரிக்கிற ஆசைதான் இருந்தது.

"நல்லா இருக்கு தம்பி" என்றேன். திருத்திக் கொண்டுவந்த இரண்டாம் வருடமே எலி துருத்தியை அரித்துவிட்டது.