தலைவர் கடைசியில் பேசட்டும்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உத்தியோகத்தில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அரசு அலுவலகங்களில் முப்பது வருஷங்களுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அதில் பெரும் பகுதி மீட்டிங்கிலேயே கழிந்தது. ஆகவே மீட்டிங்கைப் பற்றியே பேசிவிடலாம் என்று தீர்மானித்தேன். குறிப்பாக, பிரெயின்ஸ்டார்மிங் என்கிறார்களே, அதைப் பற்றி. மூளைச்சலவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அது வேறு! ஒரு பிரச்னையை எடுத்துக்கொண்டு, சிலர் கூடி உட்கார்ந்து, தோன்றும் யோசனைகளை எல்லாம் கொட்டிவிட்டு, பிறகு சலித்து எடுப்பதற்குத்தான் இந்தப் பெயர்.

இதைப் பிரபலப்படுத்தியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்கர். பி.பி.டி.ஓ. என்ற விளம்பர நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். 1953-ல் வெளிவந்த அவருடைய 'அப்ளைட் இமாஜினேஷன்' என்ற நூல் இதற்கு மூல நூல் மாதிரி. அவர் வகுத்த விதிகள் நான்கு. யோசனை சொல்லும்போது யாரும் குறை சொல்லக் கூடாது. எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும் சொல்லலாம். யோசனைகள் எண்ணிக்கையில் நிறைய வரவேண்டும். ஒருவர் சொன்னதன் மேல் இன்னொருவர் கட்டலாம், இரண்டைச் சேர்த்து மூன்றாவதாகவும் ஆக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் விஞ்ஞானம் படித்தவன், பரிசோதனை என்ன சொல்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேரைக் குழுவாக உட்கார வைத்து யோசனை கேட்டார்கள். வேறு சிலரைத் தனித்தனியாக யோசிக்கச் சொல்லி, நான்கு நான்கு பேருடைய பட்டியல்களைப் பிறகு ஒன்றுசேர்த்தார்கள். தனியாக யோசித்தவர்களின் பட்டியல்தான் மிகவும் நீளமாக இருந்தது! பின்னர் 1987-ல் டீல், ஷ்ட்ரோபே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜெர்மனியில் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். முக்கியமான காரணம் மிகச் சாதாரணமானது. கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் தம் முறைக்குக் காத்திருக்கும்போது, மனத்தில் வந்த யோசனை மறந்துபோகிறது, புதிதாக யோசிப்பதும் தடைப்படுகிறது.

இது அயல்நாட்டு நிலவரம். நம் அலுவலகங்களில் கூடுதலாக ஒரு தடை உண்டு. அதுதான் பதவி.

நான் கண்ட இரண்டு அதிகாரிகளைச் சொல்கிறேன். ஊரும் அலுவலகமும் வேண்டாம். எங்களிடம் குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் அடிக்கடி திரும்பி வந்தன. கணவரை இழந்த பெண்மணிகள் மாதக்கணக்கில் வந்து வராந்தாவில் காத்திருப்பார்கள். இதற்கு வழி காண முதல் அதிகாரி ஒரு கூட்டம் போட்டார். இருபது நிமிஷம் அவரே பேசினார். "ஆட்கள் போதவில்லை, அதுதான் காரணம். வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?" என்றார். யாருக்கும் தோன்றவில்லை. டீயும் பிஸ்கட்டும் வந்தன, கூட்டம் முடிந்தது.

அடுத்த வருஷம் வேறொரு அதிகாரி வந்தார். அதே பிரச்னைதான். அவர் எட்டுப் பேரை அழைத்தார், அதில் தபால் அனுப்பும் பிரிவு குமாஸ்தாவும் ஒருவர். ஆளுக்கு ஐந்தாறு துண்டுச் சீட்டு கொடுத்து, "பெயர் எழுத வேண்டாம், பத்து நிமிஷம் யாரும் பேச வேண்டாம், சீட்டுக்கு ஒரு யோசனை எழுதுங்கள்" என்றார். சீட்டுகளை ஒன்றுகலந்து அவரே படித்தார். ஒன்றில் இப்படி இருந்தது: "திரும்பி வரும் கோப்புகளில் பெரும்பாலும் பெயர்தான் கோளாறு. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புத்தகத்தில் வேறு மாதிரி. ஊழியர் ரிட்டையர் ஆகும் முன்பே இதைச் சரிபார்த்தால் என்ன?" வெளியூர்களில் வசிக்கும் நம்மவர்களுக்கு இது புதிதா என்ன! ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அதை விரித்து அப்பா பெயர், மூன்றாவது இடத்தில் அதுவே குடும்பப் பெயர்.

அந்தச் சீட்டை எழுதியவர் அந்தக் குமாஸ்தாதான் என்று பின்னால் தெரிந்தது. திரும்பி வரும் ஒவ்வொரு கோப்பும் அவர் கை வழியாகத்தான் உள்ளே வரும். முந்தைய வருஷமும் அவருக்கு இது தெரியும், கேட்பாரில்லை. அதன் பிறகு பெயர்ச் சரிபார்ப்பு முன்கூட்டியே நடந்தது. வராந்தாவில் கூட்டம் கண்ணெதிரே குறைந்தது.

எழுதிவிட்டுப் பேசும் இந்த முறைக்கு மேலாண்மைப் படிப்பில் நாமினல் குரூப் டெக்னிக் என்று பெயர். டெல்பெக், வான் டி வென் இருவரும் 1971-ல் இதை விவரித்து எழுதினார்கள். ஜெர்மனியில் ரோர்பாக் என்பவர் 1968-ல் இன்னொரு முறையைச் சொன்னார். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிஷம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்து மேலும் மூன்று எழுதுவார். அரை மணியில் தாள் ஆறு பேரையும் சுற்றிவிடும், 108 யோசனைகள் சேர்ந்துவிடும். அஷ்டோத்தரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இனி, நடத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, கேள்வி கூர்மையாக இருக்கட்டும். "அலுவலகத்தை முன்னேற்றுவது எப்படி?" என்றால் உபந்யாசம்தான் வரும். "கோப்பு திரும்பி வருவதைக் குறைப்பது எப்படி?" என்றால் யோசனை வரும். இரண்டு நாள் முன்பே கேள்வியைச் சுற்றுக்கு விடுங்கள்.

இரண்டு, ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஆனால் அந்த வேலையைக் கையால் செய்கிறவர் ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்று, முதலில் எழுத்து, பிறகு பேச்சு. இன்று ஜூமில் மீட்டிங் நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். எல்லோரும் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் அனுப்பினால் போயிற்று.

நான்கு, யோசனைகளைச் சொன்னவர் வார்த்தையிலேயே போர்டில் எழுதுங்கள். நாம் திருத்தி எழுதினால் அது நம் யோசனையாகிவிடும். குறை சொல்லக் கூடாது என்றால் உதட்டைப் பிதுக்குவதும் கூடாது.

ஐந்து, இடைவேளை விட்டுப் பிறகு சலித்தெடுங்கள். செலவு எவ்வளவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் எழுதப்படாத யோசனை மினிட்ஸ் புத்தகத்திலேயே தூங்கும். ஏற்காத யோசனைகளுக்கும் காரணம் சொல்லிவிடுங்கள். பதிலே வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர் எழுதும் சீட்டு வெறும் சீட்டாகத்தான் இருக்கும்.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தலைவர் கடைசியில் பேச வேண்டும். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வால்மீகி ராமாயணத்தில் யுத்த காண்டத்தைப் பாருங்கள். விபீஷணன் சரணாகதி என்று வந்து நிற்கிறான். அவனை நம்பக் கூடாது என்கிறான் சுக்ரீவன். ராமபிரான் உடனே தம் முடிவைச் சொல்லிவிடவில்லை. எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கேட்கிறார். அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன் என்று ஒவ்வொருவராகத் தம் சந்தேகத்தைச் சொல்கிறார்கள். ஹனுமான் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறார், அதுவும் தம் ராஜாவான சுக்ரீவன் எதிர்த்துப் பேசிய பிறகு! எல்லாம் கேட்ட பின்தான் ராமன் தம் மனத்தில் இருப்பதைச் சொல்கிறார். அவர் முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் மற்றவர்கள் வாய் திறந்திருப்பார்களா?

கடைசியில் முடிவு தலைவருடையதுதான். பிரெயின்ஸ்டார்மிங் அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து வாங்கிவிடாது. முடிவெடுக்கும் முன், தெரிந்தவன் சொல்லாமல் போய்விடக் கூடாது, அவ்வளவே. நம் பிள்ளைகளில் பலர் இன்று தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கூட்டம் கூட்டும்போது ஒரு கட்டு துண்டுச் சீட்டும் கொஞ்சம் பொறுமையும் எடுத்துப் போனால் போதும். நம் கிளைக் கமிட்டியும் அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும்போது இந்த முறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். தலைவர் அவர்கள் இதற்குப் பதிலை, எல்லோரும் பேசிய பிறகு சொன்னால் போதும்!