விதை எவர் உடைமை?



ஓருயிரின் இயல்பை நிருணயிக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்துப் பிறிதோருயிரிற் பொருத்தும் வித்தையை 1973ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் கோஹனும் போயரும் நிலைநாட்டினர். அவ்வழியே, மண்ணில் வாழும் நுண்ணுயிரின் மரபணு கனோலாப் பயிருட் புகுத்தப்பட்டது. களைநாசினி தெளித்தாற் களை மடியும்; பயிர் மடியாது.

வித்தையை நாம் இகழவில்லை. விதை எவர் உடைமை என்பதே நம் வினா.

கனடா நாட்டுக் கமக்காரர் பேர்சி சிமைசர், தம் வயலிற் கண்ட அத்தகைய பயிரின் விதையைச் சேமித்து 1998இல் விதைத்தார். மொன்சான்ரோக் கம்பனி வழக்குத் தொடுத்தது. 2004இல் கனடிய உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஐவர் கம்பனியின் பக்கம், நால்வர் மறுபக்கம். விதை வயலுக்கு வந்த வழி பொருட்டன்று. அறிந்தோ, அறிந்திருக்கவேண்டிய நிலையிலோ சேமித்து விதைத்தமையே காப்புரிமை மீறல் என்றது தீர்ப்பு. ஆயினும், அவ்விதையால் அவர் தனி இலாபம் ஈட்டவில்லையெனக் கண்டு, கம்பனிக்குப் பணம் செலுத்தப் பணிக்கவில்லை.

பெரியோர்களே! காற்றும் வண்டும் காப்புரிமையை அறியுமா? வேலி தாண்டி மகரந்தம் வந்தாற் பொறுப்பாளி யார்? விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் கமக்காரருக்குள்ள உரிமையை இந்தியா 2001ஆம் ஆண்டுச் சட்டத்திற் பொறித்தது. எந்நாடாயினும் அவ்வுரிமை எழுதப்படுமுன் அவ்விதை வயலேறலாகாது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.