போட்டோ பார்த்து வரையக் கற்றுக்கொண்டேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன் தவணையைப் பற்றிப் பேசச் சொன்னால் நிறுத்தாமல் பேசுவேன். பத்து வருஷமாக எங்கள் குழுவின் கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கிறது. படம் வரைவதைப் பற்றிப் பேசு என்றதும்தான் கை நடுங்குது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "இதுல மாசம் எவ்வளவு வரும்?" என்று யாரும் கேட்காதீங்க. ஒண்ணும் வராது. ஆடு வாங்கினேன், தையல் மிஷின் வாங்கினேன், எல்லாத்துக்கும் வரவு செலவு காட்டியாச்சு. இது ஒன்றுக்கு மட்டும் நோட்டு போடவில்லை.

எங்க அம்மா தவறி மூன்று வருஷம் ஆகிறது. அவங்களுக்கென்று எடுத்த போட்டோ ஆதார் படம்தான். அதில் யாரையோ முறைக்கிற மாதிரி இருப்பாங்க. சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று, என் மகன் பாட்டியோடு போனில் எடுத்த செல்பி. அதைப் பெரிசா வரைந்து வீட்டில் மாட்டணும் என்று ஆசை.

நேரே அம்மா முகத்துக்குப் போகவில்லை. முதலில் பித்தளைச் சொம்பு, அப்புறம் தக்காளி, அப்புறம் எங்க ஆட்டுக்குட்டி. போனில் அழகழகாக வரும் படங்களைப் பார்த்து வரையலாமே என்று கேட்டேன். என் மகள்தான், "அம்மா, போட்டோவுக்கும் பதிப்புரிமை உண்டு. வீட்டில் பழகிக்கோ. ஆனா அதைப் பார்த்து வரைஞ்சு விற்கணும்னா எடுத்தவங்களைக் கேட்கணும்" என்றாள். எதுக்கு வம்பு என்று என் சொம்பை நானே ஜன்னலோரம் வைத்துப் போட்டோ எடுத்தேன்.

அக்ரிலிக் வர்ணம் தண்ணீரில் கரையும். ஆனால் காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக் மாதிரி பிடித்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீருக்கு அசையாது. இது தெரியாமல் குக்கர் விசில் கேட்டு எழுந்துபோய், இரண்டு பிரஷ்ஷைப் பாழாக்கினேன். இப்போது எழுந்தால் முதலில் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவது. தட்டில் ஈரத்துணி விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு வர்ணத்தை வைத்தால் சீக்கிரம் காயாது. இன்னொன்று, ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்ததும் கொஞ்சம் இருண்டுவிடும். தக்காளி கத்தரிக்காய் ஆன கதை அப்படித்தான்.

முகத்துக்குக் கட்டம் போடும் முறை. செல்பியில் அம்மா பக்கத்தை மட்டும் வெட்டி, 4-க்கு 6 இஞ்சில் பிரிண்ட் போட்டேன். அதில் ஓர் இஞ்ச் கட்டம், 8-க்கு 12 இஞ்ச் கேன்வாஸ் அட்டையில் இரண்டு இஞ்ச் கட்டம். இரண்டிலும் 24 கட்டம். ஒரு கட்டத்தில் என்ன இருக்கோ அதை மட்டும் பார்த்து வரையணும். மூக்கு என்று நினைத்தால் நம் மனசிலிருக்கும் மூக்கு வந்துவிடும். கோடு எங்கே வளைகிறது என்று பார்த்தால் அம்மா மூக்கு வரும். கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக எழுதிய கைதானே, அது சுலபமா வந்துடுச்சு.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு மணி நேரம் என்று ஒன்றரை மாசம் ஆனது. அக்காவை வரச்சொல்லிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்மாதான்டி. ஆனா என்னமோ மாறிக் கிடக்கு" என்றாள். அப்புறம், "அம்மா மூக்குத்தி வலப்பக்கம்தானே?" என்றாள்.

படத்தில் இடப்பக்கம் இருந்தது. முந்தானையும் வலது தோளில். இப்ப நீங்களும் உங்க தோளைப் பார்க்கிறீங்க பாருங்க. சில போனில் செல்பி எடுத்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே இடம் வலம் மாறிப் பதிவாகும். போட்டோவே மாறி இருந்திருக்கு, நான் அப்படியே வரைந்திருக்கிறேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. போட்டோவில் தப்பு இருந்தது போகட்டும், நாற்பது வருஷம் பார்த்த முகம் எனக்கு எப்படி மறந்தது? மூன்று வருஷமாகப் போனையே பார்த்துப் பார்த்து, போனில் இருப்பதுதான் அம்மா என்று ஆகியிருக்கிறது.

மறுநாள் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தைப் போனில் திருப்பிப்போட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். போட்டோவில் கழுத்துக்குக் கீழே வெறும் கறுப்பு. வெயிலில் போனில் எடுத்தால் நிழல் அப்படித்தான் மொத்தமாக இருண்டு போகும். முதல் தடவை நானும் கறுப்பை அப்பியிருந்தேன். அங்கே என்ன இருந்தது என்று அக்காவைக் கேட்டேன். "தாலிக்கயித்துல ரெண்டு ஊக்கு தொங்குமே, மறந்துட்டியா?" என்றாள். கறுப்பை விட்டு, அடர் நீலமும் காப்பிக்கொட்டை நிறமும் கலந்து நிழல் போட்டேன். அதற்குள் வெள்ளையைக் கொஞ்சம் தொட்டு அந்த இரண்டு ஊக்கையும் வைத்தேன்.

எங்க வீட்டுக்காரர், "பழையதுக்கு மேலேயே பூசியிருக்கலாமே, அட்டை மிச்சமாயிருக்கும்" என்றார். அக்ரிலிக்கில் அப்படிச் செய்யலாம்தான். எனக்கு மனசு வரவில்லை. அது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

புதுப் படம் முடிந்துவிட்டது, மூக்குத்தி மட்டும் பாக்கி. அதை அக்கா வைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அவளுக்குப் பிரஷ் பிடிக்கப் பயமாம். தீக்குச்சி முனையால் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.